அமெரிக்காவின்ட 20% வரியை கட்டுறது ஆரு? கட்டுநாயக்கால ஓ.டீ. (ஓவர்டைம்) வெட்டுறாங்க

கொட்டாஞ்சேனை_பெடியன் (2025 செப்டெம்பர்):
அண்ணாமார் அக்காமார், தங்கச்சி கட்டுநாயக்கா சோன்ல (ஏற்றுமதி பக்டரி வலயம்) ஒரு கார்மன்ட்ல தைக்கிறா. போன மாசத்தில இருந்து ஓ.டீ. இல்லையாம், கேட்டா "ட்ரம்ப் வரி" எண்டு சொல்லுறாங்களாம். எனக்கு விளங்காதது என்னெண்டா, வரி போட்டது அமெரிக்கா, அதை கட்ட வேண்டியது அங்க இறக்குமதி செய்யுற கொம்பனி தானே, பிறகேன் இங்க தைக்கிற பிள்ளையின்ட கையில வெட்டு விழுது? ஐரோப்பா வரியில்லாம எடுக்குதாம், ரெண்டும் பணக்கார நாடு தானே, ஏன் இப்பிடி?

கணக்கர்13:
தம்பி, கஸ்டம்ஸ்ல காசு கட்டுறது அமெரிக்க இறக்குமதியாளர் தான், அது சரி. ஆனா சுமை ஆரின்ட தலையில எண்டது வேற கேள்வி. பருத்தி டீசேர்ட்டுக்கு முந்தியே அங்க 16.5% வரி இருக்கு, அதுக்கு மேல ஓகஸ்ட் 7ல இருந்து இன்னும் 20%. 5 டொலருக்கு அனுப்புற ஒரு டீசேர்ட்டில புதுசா 1 டொலர் ஏறுது. பையர், அதான் அங்க வாங்குற கொம்பனி, உடன மெயில் போடுவான், "பாதியை நீங்க ஏத்துக்கொள்ளுங்கோ" எண்டு. பக்டரிக்காரன் மாட்டன் எண்டா, வியட்நாமுக்கும் பங்களாதேஷுக்கும் அதே 20 தான், ஓடர் அங்க போயிடும். நூல் விலை, துணி விலை, கரன்ட் பில் ஒண்டையும் குறைக்க ஏலாது, அவன் கை வைக்கக்கூடிய இடம் சம்பளமும் ஓ.டீ.யும் மட்டும் தான். இந்தியாவுக்கு 50% போட்டதால கொஞ்ச ஓடர் இங்கால வரும் எண்டு கனபேர் பாத்துக்கொண்டு இருக்கினம், வரட்டும் பாப்பம்.

இன்னொண்டு, ஏப்ரல்ல நமக்கு 44% எண்டாங்களே, அந்தக் கணக்கு தெரியுமோ? எங்களோட அமெரிக்காவுக்கு இருக்கிற வர்த்தகப் பற்றாக்குறையை, அவங்க எங்களிட்ட எடுக்கிற இறக்குமதியால பிரிச்சு வந்த 88%ஐ பாதியாக்கினது தான். நாங்க அவங்களுக்கு விக்கிறது கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலர், வாங்குறது அதில சொட்டு, அதான் குற்றம்!

மட்டக்குளி மச்சான்:
அப்ப நாங்களும் அமெரிக்க சாமானுக்கு திருப்பி வரி போட்டா என்ன? சும்மா பயந்து பயந்து எத்தனை நாளைக்கு

கெய்சர் வீதி கடைக்காரன்:
@மட்டக்குளி மச்சான், போட்டு என்ன கிழிக்கிறது, நாங்க அங்க இருந்து எடுக்கிறதே கொஞ்சம். அதோட நம்மட அரசாங்கமும் ஒண்டும் சின்னப்பிள்ளை இல்ல, கன காலமா சுங்க வரிக்கு மேல செஸ், PAL (துறைமுக, விமான நிலைய வரி) எண்டு வேற வரியளையும் அடுக்கடுக்கா போட்டு இறக்குமதியை நெருக்கினது தானே. கடைக்கு சாமான் இறக்கினவன் எனக்குத் தெரியும்.

ஐரோப்பா கதைக்கு வாறன். ஜீஎஸ்பி பிளஸ், அதான் ஐரோப்பா வளர்ந்துவாற நாடுகளுக்கு தாற வரிச்சலுகை, அது இருக்கிறதால உடுப்புக்கு 12% வரி இல்லாமப் போகுது. சும்மா தாற தானம் இல்ல. 27 சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தோணும், மனித உரிமை விசயத்தில தவறினம் எண்டு 2010ல பறிச்சவங்க, 2017ல தான் திரும்பக் கிடைச்சது. அதுக்கு மேல துணி விதி. வெளியில துணி வாங்கி இங்க தைச்சா மட்டும் போதாது, துணி நெய்யிறதோ பின்னுறதோ இங்க நடக்கோணும், இல்லாட்டி அந்தச் சலுகை இல்ல. பங்களாதேஷ் வறிய நாட்டுப் பட்டியல்ல இருக்கிறதால அவங்களுக்கு தைச்சாலே காணும். நாங்க நடுவில மாட்டுப்பட்ட ஆக்கள், சலுகை பேப்பர்ல இருக்கும், கன உடுப்புக்கு எடுக்க ஏலாது. பிரிட்டன் தன்ட சலுகைத் திட்டத்தில இருக்கிற இதே மாதிரி விதியை 2026 ஜனவரியில இருந்து தளர்த்துறன் எண்டு சொல்லியிருக்கு, அது உண்மையில பெரிய விசயம், ஒருத்தரும் கதைக்கேல்ல.

கணக்கர்13:
தம்பி, தங்கச்சியின்ட லைன்ல எந்த நாட்டுக்கு தைக்கினம் எண்டு கேட்டுப்பாருங்கோ. விலை டேக் டொலரோ யூரோவோ எண்டு பாத்தா தெரியும்.

கொட்டாஞ்சேனை_பெடியன்:
கேட்டன் அண்ணை, யூரோ டேக் தானாம், அமெரிக்க லைன் பக்கத்து பில்டிங்காம் 😐

கணக்கர்13:
அப்ப ட்ரம்பை நேரா சொல்ல ஏலாது. அமெரிக்க லைன்ல வேலை குறைஞ்ச ஆக்களை இவங்கட லைனுக்கு மாத்தியிருந்தா ஓ.டீ. தேவைப்படாது, அப்பிடி இருக்கலாம். ஆனா ஆள் மாத்தமும் இல்ல, ஓடரும் குறையேல்ல எண்டா சாட்டு தான். ரெண்டு மூண்டு பேரா சேர்ந்து எச்ஆர்ட்ட கேக்கச் சொல்லுங்கோ, தனிய போக வேண்டாம்.