சூசையப்பர் படம்: பலகையா, சுவரா, துணியா?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, மரியே வாழ்க.

நம் சூசையப்பர் கோயிலில் பீடத்தின் பின்சுவருக்கு 12 அடி உயரமும் 9 அடி அகலமும் உள்ள படம் செய்வதென்று முடிவானதும், அதைத் தஞ்சாவூர்ப் படமாகவே செய்யலாம் என்று டொரன்டோ அண்ணன் எழுதியிருந்தார். ஆசை நியாயமானதுதான். ஆனாலும் ஆடியில் ஊருக்குப் போனபோது தஞ்சாவூரில் ஓவியர் ஒருவரின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நான் அதற்கு உடன்படவில்லை.

பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் பிறகே மக்கு என்னும் கெட்டிப் பசைக் கலவையை வைத்து மேடாக்கித் தங்கத் தாளை ஒட்டுகிறார்கள். மூன்றடிப் படத்துக்கு இது பொருந்தும். பன்னிரண்டடிக்குப் பலகைகளை இணைத்தே ஆக வேண்டும். பங்குனி வெயிலில் சுருங்கி ஐப்பசி ஈரத்தில் உப்புகிற மரம், இணைப்பின் மேலுள்ள மக்கை வெடிக்க வைத்துவிடும். பழுது பார்க்க வந்திருந்த ஒரு படத்தை அந்த ஓவியர் காட்டினார்: குழந்தைக் கண்ணனின் தோளிலிருந்து வெண்ணெய்ப் பானை வரை மயிரிழைக் கீறல் ஒன்று ஓடியிருந்தது, அதன் ஓரமாகத் தங்கத் தாள் சுருண்டு எழும்பியிருந்தது.

பெரிய கோயிலில் சோழர் ஓவியம் ஆயிரம் ஆண்டு நிற்கவில்லையா, சுவரிலேயே வரைந்தால் என்ன என்று சிங்கப்பூர்ச் சித்தப்பா கேட்டார். அது கருவறையைச் சுற்றிய இருட்டு அறையில், கருங்கல் சுவரின் மேல் சுண்ணச் சாந்து பூசி வரைந்தது. நாயக்கர் காலத்து ஓவியம் அதை மூடிக் கிடந்து, 1931-இல்தான் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டறிந்து வெளிக்கொணர்ந்தார். நம்முடையதோ செங்கல் சுவர். வெளியே வாய்க்கால், அதற்கப்பால் வயல். முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன், கை நிறைய வெள்ளை உப்பு. பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் நாம் சிமெண்ட் அடித்ததுதான் தவறு. வெளியேற வழியில்லாமல் ஈரம் மேலே மேலே ஏறுகிறது.

ஆகவே என் யோசனை: தேக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் எண்ணெய் வண்ணத்தில் வரையச் செய்து, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து ஆறடிக்கு மேல் மாட்டலாம், பின்னால் காற்றோட்டம் இருக்கும். ஒளிவட்டத்துக்கும் அங்கியின் கரைக்கும் மட்டும் மக்கில்லாமல் தங்கத் தாள் ஒட்டித் தருவதாக அந்த ஓவியரே ஒப்புக்கொண்டார்.

காட்சியைப் பற்றியும் ஒரு சொல். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை வளன் என்று அழைத்து, 36 படலங்களில் 3615 பாடல்களாகத் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், நாட்டுப் படலத்தில் யூதேயாவையே மருத நிலமாக்கிவிட்டார். இத்தாலியில் பிறந்தவருக்கே அது உறுத்தவில்லை என்றால், படத்தில் சூசையப்பரின் தச்சுப் பட்டறைக்குப் பின்னால் நாம் ரோமானியத் தூண்களை நிறுத்த வேண்டியதில்லை. நடவு முடிந்த வயலும் வாய்க்கால் கரையும் போதும். உடை மட்டும் வழக்கப்படி இருக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். கையில் என்ன கருவி என்று ஓவியர் கேட்டார். மரம் செதுக்கும் வாய்ச்சியும் உளியைத் தட்டும் கொட்டாப்புளியும் என்றேன். நம் ஊர் ஆசாரியிடம் இரண்டையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

பங்குத் தந்தை சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச இசைந்துவிட்டார். பூச்சு காயாமல் அளவெடுக்கக் கூடாது என்பதால் அடுத்த கோடைக்கு முன் படம் வராது. சிமெண்டுக்கு முன்பு பீடச் சுவர் எப்படி இருந்தது என்று கொத்தனார் கேட்கிறார். அந்தக் காலத்தில் அங்கே மந்திரித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் தங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து அனுப்புங்கள்.