சிபியுஃப்ரீக் டிரைவர் ரிவ்யூ: பெர்ஃபார்மன்ஸ்ல ஓடுது, ஷெட்யூட்டில்ல ஃப்ரீஸ் ஆகுது

ராத்திரிபில்ட்:
டீம்ல ஒரு தம்பி எழுதின லினக்ஸ் சிபியுஃப்ரீக் டிரைவர் (சிபியு வேகத்த ஏத்தி இறக்குறது) ரிவ்யூவுக்கு வந்திருக்கு. 300 வரி கூட இல்ல, படிக்க சுத்தமா தான் இருக்கு, ஆனா போர்டுல போட்டா பெர்ஃபார்மன்ஸ் கவர்னர்ல (எந்த வேகம்னு முடிவு பண்றது கவர்னர், இது எப்பவும் உச்ச வேகம்) நாள் முழுக்க ஓடுது, லோடுக்கு ஏத்த மாதிரி வேகத்த மாத்துற ஷெட்யூட்டிலுக்கு மாத்தி லோடு ஏத்தினா பத்து நிமிஷத்துக்குள்ள ஃப்ரீஸ், சீரியல் கன்சோல்ல ஒரு வரி வரல. வேகத்த மாத்துற டார்கெட் இண்டெக்ஸ் ஃபங்ஷன்ல முதல்ல கிளாக் மாத்துறாரு, அப்புறம் வோல்டேஜ். கரண்ட் ஃப்ரீக்வன்சி படிச்சா எப்பவாவது 4294967274னு வருது. கிலோஹெர்ட்ஸ 1000ஆல பெருக்குற இடத்துல ஓவர்ஃப்ளோவோன்னு ரெண்டு நாளா அங்கயே பாத்துட்டிருக்கேன். வேற எங்க பாக்கணும்?

வோல்ட்மானி:
உங்க ஃப்ரீஸுக்கு காரணம் நீங்களே எழுதிட்டீங்க பாருங்க. மேல ஏறும்போது வோல்டேஜ் முதல்ல, கிளாக் அப்புறம். இறங்கும்போது கிளாக் முதல்ல, வோல்டேஜ் அப்புறம். எந்த நிமிஷமும் ஓடுற வேகத்துக்கு வேண்டிய வோல்டேஜ் இருந்தே ஆகணும், இல்லைனா லாஜிக் தப்பா கணக்கு போடும், அப்ப பேனிக் மெசேஜ் அடிக்கவே கோர் உயிரோட இருக்காது. பெர்ஃபார்மன்ஸ்ல ஒரு தடவை மேல போய் அங்கயே நிக்குது, ஷெட்யூட்டில் தான் ஏறி இறங்கிட்டே இருக்கும், அதான் அங்க மாட்டுது. ஏறும்போது கிளாக் ஃபெயில் ஆனா ஏத்தின வோல்டேஜ திரும்ப இறக்குறாரான்னும் பாருங்க. என்ன கேட்டா இதையெல்லாம் கையால எழுதவே வேண்டாம், கர்னல்ல எந்த வேகத்துக்கு எந்த வோல்டேஜ்னு வச்சிருக்குற ஓபிபி லைப்ரரியோட செட் ரேட் ஃபங்ஷன் இந்த வரிசைய தானே பாத்துக்கும்.

சைன்பிட்:
அது ஓவர்ஃப்ளோ இல்லங்க. 2^32ல இருந்து 22 கழிச்சு பாருங்க, 4294967274. 22ன்றது இன்வேலிட் ஆர்க்யுமென்ட் எரர். கரண்ட் ஃப்ரீக்வன்சி படிக்கிற கெட் ஃபங்ஷன் திருப்பித் தர்றது அன்சைன்ட் இன்ட், அதுல மைனஸ் எரர் ரிட்டர்ன் பண்ணா இப்படி தான் பெரிய எண்ணா தெரியும், கர்னலோட சிபியுஃப்ரீக் கோரும் அத நிஜ ஃப்ரீக்வன்சின்னே நம்பிடும். தெரியலைனா 0 தரணும். கிளாக் உண்டாக்குற பிஎல்எல் மாறிட்டு இருக்கும்போது அத வகுக்குற டிவைடர படிக்கிறாரோ என்னமோ, டிவைடர படிக்கிற ஸ்விட்ச்-கேஸோட டிஃபால்ட்ட பாருங்க.

ராத்திரிபில்ட்:
ஐயோ டிஃபால்ட்ல அதே தான் இருக்கு, நன்றிங்க! வரிசைய மாத்தினதும் ஃப்ரீஸ் ரொம்ப குறைஞ்சிருச்சு, ஆனா முழுசா போகல. ஃபாஸ்ட் ஸ்விட்சும் ஆன் பண்ணியிருக்காரு, அதுலயும் வோல்டேஜ் தர்ற ரெகுலேட்டர கூப்பிடுறாரு, அது இருக்குற பவர் சிப் (பிஎம்ஐசி) ஐ-ஸ்கொயர்டு-சி பஸ்ல இருக்கு.

வோல்ட்மானி:
அத எடுத்துடச் சொல்லுங்க. ஃபாஸ்ட் ஸ்விட்ச் ஷெட்யூலர் உள்ள இருந்தே கூப்பிடப்படுது, அங்க தூங்கவே கூடாது (சிபியுவ விட்டுட்டு காத்திருக்கக் கூடாது), ஐ-ஸ்கொயர்டு-சி டிரான்ஸ்ஃபர் தூங்கும். எடுத்துட்டா ஷெட்யூட்டில் தனி கே-த்ரெட் (கர்னல் த்ரெட்) வழியா டார்கெட்ட கூப்பிட்டுக்கும், கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோ தான். அடாமிக் ஸ்லீப் டீபக் கான்ஃபிக் ஆன் பண்ணி பில்ட் பண்ணியிருந்தா கர்னலே கத்தியிருக்கும். அப்படியே டிவைஸ் ட்ரீல (போர்டு ஹார்ட்வேர் விவரம் எழுதுற ஃபைல்) ரெகுலேட்டர் ரேம்ப் டிலே இருக்கான்னு பாருங்க, இல்லைனா வோல்டேஜ் ஏறி முடிக்கிறதுக்குள்ள கிளாக் மாறிடும்.

ராத்திரிபில்ட்:
ரேம்ப் டிலே இல்லவே இல்ல! சேர்த்தாச்சு, ஃபாஸ்ட் ஸ்விட்ச எடுத்தாச்சு, நாமளே வேகத்த சொல்ற யூசர்ஸ்பேஸ் கவர்னர்ல மினிமம் மேக்ஸிமம்னு ஸ்கிரிப்ட் போட்டு மாத்தி மாத்தி ராத்திரி முழுக்க ஓடியிருக்கு, ஒரு தடவை கூட நிக்கல. தம்பிய ஓபிபிக்கு மாத்தி வெர்ஷன் 2 அனுப்பச் சொல்லியிருக்கேன்.