புதுப்பிப்பு: யூட்டா நடைப்பயணம், திட்டம் கொஞ்சம் மாறிவிட்டது

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயான், பிரைஸ் கேன்யன் என்ற தேசியப் பூங்காக்கள் இரண்டையும் ஐந்து நாளில் நடந்து பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேதியை செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவிட்டோம். வெயில் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் திடீர் வெள்ளம்: ஜூலையிலிருந்து செப்டம்பர் நடு வரை அங்கே பருவமழைக் காலம், நாம் நிற்கும் இடத்தில் வானம் பளிச்சென்று இருந்தாலும் எங்கோ மேலே பெய்த மழை ஸயானில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் நேரோஸ் போன்ற குறுகிய பள்ளத்தாக்கில் சுவர் போல இறங்கிவிடும், ஏறி ஒதுங்கக்கூட இடம் இருக்காது. தள்ளிப் போட்டாலும் அபாயம் முழுதாகப் போகாது, அதனால் அன்று காலை வெள்ள முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கால் வைப்போம்.

ஸயானில் உள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறை முகட்டில் ஏற, குலுக்கலில் அனுமதி விழவில்லை. ஏறும் நாளுக்கு முந்தைய நாள் நடக்கும் குலுக்கல் ஒன்று இருக்கிறது, பார்ப்போம். பிரைஸ் 8,000 அடிக்கு மேல், இரவில் குளிரும், ஸ்வெட்டர் உண்டு. அப்புறம் அதே மாநிலத்தில் உள்ள கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவையும் சேர்த்தாயிற்று, உண்மையைச் சொன்னால் அங்குள்ள பழத்தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கத்தான்!