நடுக்கடலில் இஞ்சின் கொதித்த கதைகள்

நாங்கள் இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ள நாச்சிக்குடா. படகில் உள்ளே பூட்டிய டீசல் இஞ்சின், பாயும் வைத்திருக்கிறோம். சோழகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இரணைதீவுப் பக்கமிருந்து திரும்பும்போது சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. தம்பி தண்ணீர் மூடியைத் திறக்கப் போனான். "கையை எடடா, முகம் வெந்துபோகும்!" என்று பெரியப்பா கத்தினார். அவர் முதலில் எட்டிப் பார்த்தது புகைக்குழாயை.

இந்த இஞ்சினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். அதைக் கூலரில் ஆற்றுவது கடல்தண்ணீர். அது பிறகு புகையோடு வெளியே கொட்ட வேண்டும். நன்றாகக் கொட்டியும் சூடு ஏறினால் பெல்ட், தேர்மோஸ்டற் (சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் அடைப்பான்), உள் தண்ணீர் என்று பார்க்கலாம். எங்களுக்கோ சொட்டுத்தான், வெள்ளை ஆவியோடு. உடனே இஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றினோம். சோழகம் கரைக்குத்தானே தள்ளும், அவசரமில்லை.

கடல்தண்ணீர் உள்ளே வரும் வழியில் குப்பையைத் தடுக்கும் வடியைக் கழற்றினால் கடற்புல் அடைந்து கிடந்தது. ஆழமில்லாத எங்கள் கடலில் அது வழமை. கழுவிப் பூட்டியும் தண்ணீர் வரவில்லை. பம்பைத் திறந்தோம்: தண்ணீரைத் தள்ளும் றப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெலரில் பாதி இதழ்கள் இல்லை. தண்ணீரில்லாமல் சுற்றினால் அது கொஞ்ச நேரத்திலேயே பிய்ந்துவிடும்.

கரையில் மெக்கானிக் புதியது போட்டார். மெதுவாக ஓடினால் ஒன்றுமில்லை, வேகம் கூட்டினால் மறுபடி சூடு. மனுசன் பிய்ந்த துண்டுகளைத் தேடவே இல்லை! எல்லாம் கூலர் வாயில் சிக்கி நின்றன. பழைய இம்பெலரோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, எல்லா இதழும் கிடைத்த பிறகே மூடினோம்.

அளம்பிலிலிருந்து இன்னொருவர் சொன்னது: அண்ணை, எங்களுக்கு வடியும் சுத்தம், இம்பெலரும் நல்லது. கோளாறு இருந்தது புகையும் கடல்தண்ணீரும் சேருகிற முழங்கைக் குழாயில். உள்ளே கரியும் உப்பும் கல்லாக இறுகி விரல்கூட நுழையவில்லை. வெளியே பார்த்தால் நல்ல குழாய்தான். கழற்றாமல் தெரியவே தெரியாது. அப்புறம், புது இம்பெலருக்குக் கிறீஸ் பூச வேண்டாம், றப்பர் ஊதிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

விடத்தல்தீவிலிருந்து வேறொருவர் சொன்னது: இஞ்சினை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. திரும்ப ஓட்டினால் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. படகுக்கு அடியில், தண்ணீர் இழுக்கும் துளையில் பொலித்தீன் பை ஒட்டியிருந்திருக்கிறது. இழுவை நின்றதும் தானாகக் கழன்றுவிட்டது. பின்னால் மிதந்து போனதைப் பெடியன் காட்டினான்.