உதவி: ஓவேட்டா, எலிப்டிக்கா? திறவுகோல் வேறு குடும்பத்தில் கொண்டுபோய் விடுகிறது

கிளைநுனி:
அவசரம். இனங்காணும் ஆங்கிலத் திறவுகோலை (அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பெயரை அடையும் பட்டியல்) வைத்து ஒரு மரத்தின் பெயரைத் தேடுகிறேன். இலைகள் எதிரெதிரே இருப்பதால் ஆப்போசிட், ஓரத்தில் பல்லோ வெட்டோ இல்லாததால் என்டயர், மயிர் இல்லாததால் கிளாப்ரஸ். வடிவம் ஓவேட்டா எலிப்டிக்கா என்பதில்தான் குழப்பம். எதைத் தேர்ந்தாலும் காபிக் குடும்பத்துக்கே போகிறது.

வேலியோரம்:
பூ? காய்? படமாவது உண்டா?

பச்சையம்:
வடிவத்தில்தான் சிக்கல். காம்புப் பக்கம் அகலம் என்றால் ஓவேட், நடுவில் என்றால் எலிப்டிக், நுனிப் பக்கம் என்றால் ஆப்ஓவேட். ஒரே இலையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல இலைகளை அளந்து பாருங்கள்.

முதுவேர்:
தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-இலேயே இந்தச் சொற்களை வரையறுத்துவிட்டார். கலைச்சொல் பட்டியலைப் புரட்டக்கூடச் சோம்பல்! ஓவேட் என்றால் முட்டை வடிவம். பாலபாடம்.

பச்சையம்:
முட்டை வடிவம் என்றால் போதுமா ஐயா? தட்டையான இலைக்கு ஓவேட். திரண்ட காய்க்கு ஓவாய்டு.

முதுவேர்:
இங்கே காயைப் பற்றி யார் கேட்டார்கள்?

வேலியோரம்:
நான் கேட்டேன், பதில்தான் வரவில்லை. கிளைநுனி, காபிக் குடும்பமானால் எதிரெதிர்க் காம்புகளுக்கு இடையே இலையடிச் செதில் இருக்க வேண்டும். இருக்கிறதா?

கிளைநுனி:
செதில் இல்லை. பூ அவரைப் பூவைப் போல, வெளிர் ஊதா. சந்தேகம் இலையில் என்பதால் எழுதவில்லை.

வேலியோரம்:
அவரைக் குடும்பம்! நீங்கள் இலை என்று பார்ப்பது ஒரு கூட்டிலையின் பகுதியான சிற்றிலையாக இருக்கும். இலைக்காம்புக்கும் கிளைக்கும் இடைப்பட்ட கோணத்தில் வரும் கோணமொட்டைத் தேடுங்கள். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. கூட்டிலை முழுவதும் கிளையில் சேரும் இடத்தில்தான் இருக்கும். அப்படியானால் ஆப்போசிட் என்பது சிற்றிலைக்கு. இலை ஆல்டர்னேட்டா, அதாவது மாறிமாறி ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று கிளையில் பாருங்கள். நுனியில் ஒற்றைச் சிற்றிலை இருந்தால் இம்பேரிபின்னேட்.

முதுவேர்:
இதையும் பட்டியலிலேயே பார்த்திருக்கலாம்.

பச்சையம்:
மொட்டு எங்கே இருக்கும் என்று எந்தப் பட்டியலும் விரல் நீட்டிக் காட்டாது.

கிளைநுனி:
மொட்டு கிளையருகில் மட்டும். இலை ஆல்டர்னேட். சிற்றிலைகள் ஐந்து, சிலவற்றில் ஏழு, நுனியில் ஒன்று. புங்கம் என்று வந்தது. நன்றி.

பச்சையம்:
அந்தச் சிற்றிலை ஓவேட்டா, எலிப்டிக்கா?

வேலியோரம்:
புங்கத்துக்கு இரண்டையும் எழுதுவார்கள்.

முதுவேர்:
ஓவேட்தான்.