அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் நார்மன் ராக்வெல் வரைஞ்ச ஒரிஜினல் படத்த நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

பாஸ்டன்வாசி:
இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் உறுத்துது. 2004ல ஒரு மியூசியத்துல 'பிரேக்கிங் ஹோம் டைஸ்' பாத்தேன், 1954 சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையோட அட்டைப்படம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், காலேஜுக்குக் கெளம்புற பையன் ஒரு பக்கம் பாக்கறான், அப்பா வேற பக்கம் பாக்கறாரு, நாய் பையன் தொடையில தலைய வெச்சிருக்கு. அப்பா கையில ரெண்டு தொப்பி, ஒண்ணு அவரோடது, ஒண்ணு பையனோடது. அந்தக் கையப் பாத்ததும், ஏர்போர்ட்ல என் பைய கடைசி நிமிஷம் வரைக்கும் குடுக்காம பிடிச்சுட்டு நின்ன எங்கப்பா ஞாபகம் வந்து அங்கயே அழுதுட்டேன். 2006ல நியூஸ் வருது, அது காப்பியாம்! ராக்வெல்கிட்டயே படத்த வாங்கின கார்ட்டூனிஸ்ட் டான் டிராக்டி ஒரு நகல் வரைஞ்சுட்டு, ஒரிஜினல வெர்மான்ட் வீட்ல பொய்ச்சுவருக்குப் பின்னாடி மறைச்சிருக்காரு. அவர் போனப்புறம் பசங்க கண்டுபிடிச்சாங்க, அதே வருஷம் 1.54 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. அப்ப நான் அழுதது எதப் பாத்து?

நியூஜெர்சி அம்மா:
அண்ணா, உங்கப்பாவ நெனச்சுதானே அழுதீங்க, அதுல என்ன காப்பி? ராக்வெல் மாதிரி ஆளுங்கல்லாம் வரைஞ்சதே அச்சுக்குத்தான், லட்சக்கணக்கான வீட்டுக்குப் போனது காகிதந்தான்.

எனக்கு ஸ்டாக்பிரிட்ஜ்ல இருக்க ராக்வெல் மியூசியத்துல நடந்தது. அவரு போஸ்ட்ட விட்டுட்டு வந்தப்புறம் 1964ல லுக் பத்திரிகைக்கு வரைஞ்சாரே, நியூ ஆர்லியன்ஸ்ல வெள்ளைக்காரப் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போற கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், அது. என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. "நாலு மாமாவுக்கும் தலை எங்கம்மா"ன்னா. ரூபிக்குக் காவலா நடக்கற மார்ஷல்களோட தோள் வரைக்கும்தான் படத்துல வரும், குழந்தை உயரத்துக்கு வரைஞ்சிருக்காருன்னு சொன்னேன். அடுத்து செவுத்துல வழியற தக்காளியக் காட்டினா. அப்புறம் மேல கிறுக்கியிருக்க, கறுப்பினத்தவங்கள இழிவா சொல்ற அந்த வார்த்தைய எழுத்துக் கூட்டி சத்தமா படிக்க ஆரம்பிச்சா. பக்கத்துல ஒரு கறுப்பினப் பாட்டி நின்னுட்டிருந்தாங்க. நான் சட்டுன்னு புள்ள வாயப் பொத்திட்டேன். அந்தம்மா ஒண்ணுமே சொல்லல, படத்தையே பாத்துட்டு நின்னாங்க. பொத்தியிருக்கக் கூடாதோன்னு இப்பவும் தோணுது.

ஸ்டாக்டன்காரன்:
அச்சு போதும்னு அக்கா சொல்றத ஒத்துக்க முடியாது. இங்க ஹாகின் மியூசியத்துக்கு வந்து லேயண்டெக்கர் படங்களப் பாருங்க. ஆரோங்கற சட்டைக் காலருக்கு விளம்பரம் வரைஞ்சவரு, போஸ்ட்டுக்கு மட்டும் 322 அட்டை, ராக்வெல் குருவா நெனச்சது இவரத்தான். கோட்டு மடிப்புல தூரிகை சரக் சரக்குனு சாய்வா இழுத்த தடம் அப்படியே நிக்குது, நடுவுல பெயின்ட்டே படாத வெறும் கேன்வாஸ், ரெண்டடி பின்னால போனா அது பட்டுத்துணி மாதிரி மின்னுது. அச்சுல இதுல பாதி போயிடும். இத்தனை வரைஞ்ச மனுஷன் 1951ல செத்தப்ப வழியனுப்ப வந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு. ஆரோ காலர் படங்களுக்கு மாடலா நின்ன சார்லஸ் பீச்தான் கடைசி வரைக்கும் கூட இருந்தாரு. வீட்ல இருந்த படங்கள் யார்ட் சேல்ல அடிமாட்டு விலைக்குப் போச்சு. அத நெனச்சா வயிறு எரியுது.

பழைய பேப்பர் பைத்தியம்:
பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தையில ஒருத்தர் முழு போஸ்ட் இதழ்லேர்ந்து அட்டைய மட்டும் பிளேடால அறுத்து பிரேம் போட்டுட்டிருந்தாரு. மிச்சத்த காலுக்குக் கீழ குப்பைப் பெட்டியில தள்ளினாரு. நான் அந்த மிச்சத்த ரெண்டு டாலர் குடுத்து வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனா வாங்கறவங்களுக்கு சொல்றேன், முழு இதழா வாங்குங்க. தனி அட்டையா இருந்தா திருப்பிப் பாருங்க, பின்னாடி விளம்பரமோ எழுத்தோ இருக்கணும், வெறுமையா இருந்தா பிற்பாடு அடிச்சது. மேல பழைய விலை இருக்கும், 1942 வரைக்கும் 5 சென்ட். லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, கிழிஞ்ச இடத்துல செலோடேப் வேண்டவே வேண்டாம், பத்து வருஷத்துல பழுப்பா ஊறிடும். அந்தக் காகிதத்துல ஆசிட் ஜாஸ்தி, தானாவே மஞ்சளாகி பொடியும். அதனால ஆசிட் இல்லாத அட்டைய பின்னால வெச்சு மைலார்ங்கற பிளாஸ்டிக் உறையில போடுங்க. பேஸ்மென்ட்ல ஈரம், மாடி அறையில சூடு, ரெண்டும் ஆகாது, பீரோல படுக்கப் போட்டு வைங்க. செவுத்துல மாட்டியே ஆகணும்னா வெயில் படாத செவுரா பாத்து மாட்டுங்க, செவப்புதான் மொதல்ல வெளுக்கும்.