கணுக்கால் பிரண்டுவிட்டது, சனிக்கிழமை போட்டி: பயிற்சி சொல்லுங்கள்

கோண்டாவில்_கரப்பந்து
வணக்கம். கால் பிரண்டுவிட்டது. வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் பாய்ந்து இறங்கும்போது நோகிறது. அடுத்த சனிக்கிழமை கரப்பந்து (வொலிபோல்) சுற்றுப்போட்டி. வீட்டிலேயே செய்யக்கூடிய பிசியோதெரபிப் பயிற்சி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். அவசரம்.

வடலியடி
எப்போது பிரண்டது தம்பி? எந்தக் கால்? பாதம் உள்ளே மடிந்ததா, வெளியேயா? விழுந்தவுடன் எழுந்து நடந்தீர்களா?

மருதடி_அக்கா
எக்ஸ்றே எடுத்தீர்களா? அதைச் சொல்லாமல் பயிற்சி கேட்கக் கூடாது.

சுன்னாகம்_சிவம்
ஐஸ், பயிற்சி எல்லாம் பிறகு. முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு, புக்கை (மூலிகை மருந்துப் பற்று) கட்டுங்கள். என் அப்பாவின் கால் அப்படித்தான் சுகமானது. மூன்று தடவை கட்டியதுமே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பழைய_மாணவன்
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். நாள் இல்லை, பக்கம் இல்லை, வயது இல்லை. கேட்கத் தெரியாதவருக்கு யார் பதில் சொல்வது? சுளுக்கு என்றால் எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபட்டது அல்லது கிழிந்தது என்று பொருள். நரம்பு பிசகியது அல்ல. இந்த அடிப்படையையாவது படித்துவிட்டு வாருங்கள்.

கோண்டாவில்_கரப்பந்து
மன்னிக்கவும். வலது கால். பாதம் உள்ளே மடிந்தது. 9 நாளாகிறது. வலைக்குக் கீழே எதிரணிக்காரரின் பாதத்தின்மேல் இறங்கிவிட்டேன். எக்ஸ்றே எடுக்கவில்லை.

மருதடி_அக்கா
நான் தாதியாக வேலை செய்தவள். எக்ஸ்றே தேவையா என்று தீர்மானிக்க, 1992இல் கனடாவில் வகுத்த ஒட்டாவா விதிகளைத்தான் பல நாடுகளில் பார்க்கிறார்கள். கணுக்கால் மொழியின் (பக்கத்தில் புடைத்து நிற்கும் எலும்பின்) பின்விளிம்பையும் நுனியையும், இரு பக்கமும், விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பிலேயே நோகிறதா? சின்னவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தி நிற்கும் எலும்பில், உட்பக்க வளைவின் மேல் எலும்பில்? அடிபட்டவுடனும் பிறகும் நான்கு அடி நடக்க முடியாமல் இருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் படம் எடுக்க வேண்டும். அதுவரை பாய வேண்டாம்.

சுன்னாகம்_சிவம்
எலும்பு முறிந்தால் 9 நாள் நடக்க முடியுமா அக்கா?

மருதடி_அக்கா
முடியும். நடந்தே வந்தவர்களின் படத்தில் முறிவைக் கண்டிருக்கிறேன். அதன்மேல் எண்ணெய் போட்டு உருவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பழைய_மாணவன்
ஐஸ் வைக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற முறைக்கு 1978இல் பெயர் வைத்த அமெரிக்க மருத்துவர் மேர்க்கினே, ஐஸ் ஆறுதலைத் தாமதிக்கலாம் என்று பின்னாளில் எழுதினார்.

வலைக்காவலன்
கால் வலைக்குக் கீழே எப்படி வந்தது? நடுக்கோட்டைத் தாண்டினால் பிழை அல்லவா? ஊர்ப் போட்டிகளில் நடுவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கால்கள் உடைவது அதனால்தான்.

பழைய_மாணவன்
தவறு. பாதத்தின் ஒரு பகுதி கோட்டில் அல்லது கோட்டுக்கு நேர்மேலே இருந்தால் சர்வதேச விதிப்படி பிழை இல்லை.

வலைக்காவலன்
அந்த விதியைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். அரைப் பாதம் இந்தப் பக்கம் நின்றால் இறங்குபவன் எங்கே கால் வைப்பான்?

வடலியடி
அதை வேறு இடத்தில் பேசுங்கள். தம்பி, எனக்கு இதே கால் மூன்று முறை பிரண்டது. முதல் தடவை வீக்கம் வற்றியதும் விளையாடப் போனேன். இரண்டாவது தடவை விளையாட்டுக்கூட இல்லை, கிணற்றடியில் வாளியுடன் திரும்பினேன், அவ்வளவுதான். மூன்றாவதற்குப் பிறகுதான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். நல்ல காலில் அரை நிமிடம் நின்றேன். பிரண்ட காலில் மூன்று விநாடி. பாதத்தின் தசைகள் துடிதுடித்துக் கதவு நிலையைப் பிடித்துவிட்டேன். நார் ஒட்டினாலும், கால் எந்தச் சரிவில் நிற்கிறது என்று உணரும் திறன் தானாகத் திரும்பாது. அதைப் பழக்கித்தான் எடுக்க வேண்டும்.

படத்தில் முறிவு இல்லை என்றால் எனக்குச் சொன்னவற்றை எழுதுகிறேன். கதிரையில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள், அசைவது கணுக்கால் மட்டும். பழைய சைக்கிள் டியூப்பை மேசைக்காலில் கட்டிப் பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். வெளிப்பக்கத் தசைதான் உள்மடிவைத் தடுக்கிறது. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துங்கள், முதலில் இரு காலில், பிறகு ஒரு காலில். ஒற்றைக் காலில் நிற்பதை ஒருநாளும் விடாதீர்கள், பல் துலக்கும்போதே செய்யலாம். ஒற்றைக் காலில் நோவின்றித் துள்ளி உறுதியாக இறங்கும் வரை வலைப்பக்கம் போக வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்ப்பது இன்னும் நல்லது.

கோண்டாவில்_கரப்பந்து
மொழி நுனியில் அழுத்த நோகிறது. நாளைக் காலை படம் எடுக்கப் போகிறேன்.

மருதடி_அக்கா
முடிவை எழுதுங்கள் தம்பி.

சுன்னாகம்_சிவம்
படத்தில் ஒன்றும் இல்லையென்றால் புக்கையையும் யோசியுங்கள்.

*(12 நாட்களுக்குப் பின்)*

கோண்டாவில்_கரப்பந்து
முறிவு இல்லை. சனிக்கிழமை விளையாடவில்லை, புள்ளிப் பலகையில் எண் மாற்றினேன். கண் மூடி வலது காலில் 11 விநாடி. நன்றி அண்ணா, நன்றி அக்கா.

வடலியடி
இடது காலில் எத்தனை?